திரும்ப மறுத்த பந்து: லேன் எண்ணெயும் வாட்டர் பேப்பரும்

பெங்களூரில் வேலை மாறிப் போகிற ஒருவர் தன் 14 பவுண்டு ரியாக்டிவ் பௌலிங் பந்தை எனக்குப் பாதிக்கும் குறைவான விலைக்குக் கொடுத்தார். காரணத்தையும் மறைக்கவில்லை. "புதுசுல கடைசி இருபது அடியில சடார்னு திரும்பும். இப்ப சென்டர்ல கொடுக்கற ஹவுஸ் பால் மாதிரி நேரா போகுது" என்றார். டென்பின் பௌலிங் (லேன் என்கிற நீளப் பாதையில் பந்தை உருட்டிப் பத்துப் பின்களைச் சாய்க்கிற ஆட்டம்) ஆடுகிறவர்கள் இப்படி ஆன பந்தை 'செத்த பந்து' என்பார்கள். உண்மையில் பந்துக்குள் ஒன்றும் உடைவதில்லை. மேல்தோல் எண்ணெயைக் குடித்திருக்கும். ஓடி ஓடி வழவழத்தும் போயிருக்கும். இரண்டையும் வீட்டிலேயே சரிசெய்யலாம் என்று கேள்விப்பட்டிருந்ததால் வாங்கிவிட்டேன்.

லேனில் ஆட வேண்டும் என்றால் எனக்குப் பெங்களூர்தான், கிருஷ்ணகிரியிலிருந்து 90 கிலோமீட்டர். ஆனால் பந்தைச் சரிசெய்ய வேண்டியதெல்லாம் ஊரிலேயே இருந்தது. மெடிக்கல் ஷாப்பில் லிக்விட் பாரஃபின், ஹார்டுவேர் கடையில் வாட்டர் பேப்பர் (நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாள்), பர்கூர் ரோட்டில் மாமாவின் கிரானைட் பாலிஷ் பட்டறை. கடைசியாகச் சொன்னதுதான் இந்த வேலையில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது.

முதலில் எண்ணெயைப் பற்றிக் கொஞ்சம். லேனில் எண்ணெய் இருக்கும் என்பதே பலருக்குப் புதுச் செய்தி. பந்தை விடுகிற ஃபவுல் கோட்டிலிருந்து முதல் பின் வரை 60 அடி. அதில் ஏறக்குறைய முதல் 40 அடிக்கு மெஷின் வைத்து மினரல் ஆயில் பூசியிருப்பார்கள். மீதி உலர்ந்து கிடக்கும். மரப் பலகைக் காலத்தில் பந்து விழுந்து விழுந்து பலகை தேயாமல் இருக்கப் பூசியது. இன்று லேன் சிந்தெடிக் ஆகிவிட்டது, ஆனாலும் எண்ணெய் போகவில்லை. ஆட்டத்தையே அதுதான் நடத்துகிறது. ஒரு லேனுக்குப் பிடிக்கும் எண்ணெய் 20 முதல் 30 மில்லி. இருமல் மருந்து மூடியில் இரண்டு மூன்று மூடி, அவ்வளவுதான். 25 மில்லியை மூன்றரை அடி அகலத்தில் 40 அடி நீளத்துக்குப் பரப்பினால் கனம் சராசரியாக 2 மைக்ரான் வருகிறது. தலைமுடி ஒன்றின் கனத்தில் முப்பதில் ஒரு பங்கு இருக்கும்.

இந்த 2 மைக்ரானை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வாட்டர் பேப்பர் பந்தின் மேல் விடுகிற கீறல்களும் ஏறக்குறைய அதே சைஸ் உலகத்தில்தான் இருக்கின்றன. கீறல்களுக்கு நடுவே நிற்கும் மேடுகள் எண்ணெய்ப் படலத்தைக் கிழித்து லேனைத் தொட்டால் பந்துக்குப் பிடி கிடைக்கும். மேடே இல்லாமல் பளபளவென்று இருந்தால் எண்ணெய்மேல் வழுக்கிக்கொண்டே போகும். பந்தின் உள்ளே இருக்கிற எடைக் கருவான கோர், விரல் துளை போட்ட விதம், கம்பெனி விளம்பரம் எல்லாம் இதற்கு அப்புறம்தான். அமெரிக்காவின் பௌலிங் அமைப்பான யுஎஸ்பிசி நடத்திய பந்து இயக்க ஆய்விலும் மேற்பரப்பின் சொரசொரப்புதான் முன்வரிசையில் வந்தது.

சரி, வேலைக்கு வருவோம்.

முதல் வேலை, குடித்த எண்ணெயை வெளியே எடுப்பது. ரியாக்டிவ் ரெசின் என்பது 1990களின் தொடக்கத்தில் வந்த மேல்தோல். கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்தது. லேனில் உருளும்போது எண்ணெயை உறிஞ்சி உள்ளே தள்ளிவிட்டு, தொடுகிற இடத்தை உலர்வாக வைத்துக்கொள்வதுதான் அதன் வித்தை. துளைகள் நிறைந்துவிட்டால் உறிஞ்ச இடமில்லை. வாங்கிய அன்றே ஒரு சின்னச் சோதனை செய்து பார்த்தேன். பந்தின் மேல் ஒரு சொட்டு பாரஃபின் விட்டேன், அதுவும் மினரல் ஆயில்தான். காப்பி குடித்துவிட்டு வந்து பார்த்தால் சொட்டு அப்படியே முட்டையாக நின்றது. நல்ல நிலையில் உள்ள ரியாக்டிவ் பந்தில் அது பரவி, ஓரம் மங்கி, உள்ளே போய்விட வேண்டும்.

விரல் துளைகளைப் பேக்கிங் டேப்பால் நன்றாக மூடினேன். பிளாஸ்டிக் பக்கெட்டின் அடியில் பழைய துண்டை மடித்துப் போட்டு, பந்தை இறக்கி, அது முழுதும் மூழ்கும்வரை வெந்நீர் ஊற்றினேன். 14 பவுண்டு பந்து தானாகவே மூழ்கும். பந்தின் அளவு எல்லா எடைக்கும் ஒன்றே என்பதால், 12 பவுண்டுக்குக் கீழ் உள்ளவை தண்ணீரில் மிதக்கும். அவற்றை அவ்வப்போது புரட்டிவிட வேண்டியிருக்கும். சூடு 55 முதல் 60 டிகிரி செல்சியசுக்குள் இருக்க வேண்டும். சமையலறைத் தெர்மாமீட்டர் ஒன்று கையில் இருந்தால் நிம்மதி. கொதிக்கும் நீர் கூடவே கூடாது. மொட்டை மாடி வெயிலில் வைத்து எண்ணெயை உருக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒரு பக்கம் மட்டும் காய்ந்தால் மேல்தோல் விரிசல் விடும். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் வைத்தாலும் அதே கதிதான். உத்தரவாதம் உள்ள புதுப் பந்தாக இருந்தால் வெந்நீரைக் கம்பெனி ஏற்குமா என்று முதலில் பார்த்துவிடுங்கள்.

கொஞ்ச நேரத்தில் பந்தின் மேல் குண்டூசித் தலை அளவுக்கு மஞ்சள் முத்துகள் கோத்தன. சில முத்துகள் பிய்த்துக்கொண்டு மேலே வந்து, தண்ணீரின் மேல் வானவில் நிறத்தில் படலமாக விரிந்தன. அதை அப்படியே விட்டால் பந்தை வெளியே தூக்கும்போது மறுபடி ஒட்டிக்கொள்ளும். அதனால் பாத்திரம் கழுவும் லிக்விட் இரண்டு சொட்டு விட்டேன், படலம் உடைந்துவிட்டது. நீர் ஆறியதும் பந்தைத் துடைத்து, புது வெந்நீரில் மறுபடி இறக்கினேன். முத்து கோப்பது நிற்கும்வரை இதே வேலைதான். வாசனை பற்றியும் சொல்ல வேண்டும்: பழைய மண்ணெண்ணெய் டப்பாவைத் திறந்தது போல ஒரு நெடி. வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. பக்கெட்டைத் திரும்பக் குளியலறைக்குள் விட அம்மா இன்றுவரை சம்மதிக்கவில்லை.

பந்து நன்றாகக் காய்ந்ததும் மறுபடி சொட்டுச் சோதனை. இந்த முறை சொட்டு பரவி, கொஞ்ச நேரத்தில் ஈரத்தடம் மட்டும் நின்றது. அப்புறம் அதுவும் போய்விட்டது. துளைகள் திறந்துவிட்டன.

அடுத்தது மேற்பரப்பு. அதற்கு முன் இப்போதைய நிலை என்ன என்று அளந்து வைத்துக்கொள்ள ஆசை. அதற்குத்தான் மாமாவின் பட்டறை. அங்கே கட்டிங்கில் மிஞ்சிய கறுப்பு ஸ்லாப் ஒன்று, ஏழெட்டு அடி நீளம், கண்ணாடிப் பாலிஷ். பந்தைப் பையிலிருந்து எடுத்ததும் மாமா கையில் வாங்கிப் பார்த்து, "என்னாத்துக்குடா இவ்ளோ வெயிட்டு? இதப் போட்டு கல்லு உடைக்கலாமே" என்றார். விளக்கிச் சொன்னதும் அவருக்கு உடனே பிடிபட்டுவிட்டது. பாலிஷ் வேலையிலேயே நாற்பது வயதைக் கடந்தவருக்கு கிரிட் நம்பரைப் பற்றி (நம்பர் ஏற ஏறத் தாள் நயமாகும்) நான் என்ன சொல்லித் தருவது?

அளக்கிற முறை எளிது. பந்து உருளாமல் இழுபட வேண்டும். சின்னப் பலகையில் வட்டத் துளை போட்டு, பந்தின் அடிப்பாகம் அதில் இறங்கும்படி வைத்து, தலைக்கு மேல் பெல்ட் போட்டுப் பலகையோடு இறுக்கினேன். இழுக்கும் கொக்கி ஸ்லாப்பை ஒட்டினாற்போல் இருக்க வேண்டும். உயரத்தில் மாட்டினால் பந்து முன்பக்கம் கவிழப் பார்க்கும். பலகை சாயாமல் மாமா பையன் விரலால் தாங்கிப் பிடித்துக்கொண்டான். லக்கேஜ் எடை பார்க்கிற கொக்கித் தராசை மாட்டி, ஒரே வேகத்தில் இழுத்து, தராசு காட்டிய எண்களைப் போன் வீடியோவில் பிடித்தோம். நகரத் தொடங்கும்போது எண் குதிக்கும்; அதை விட்டுவிட்டு ஓடுகிறபோது நிற்கிற எண்ணைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஐசோப்ரோபைல் ஆல்கஹால் போட்டுத் துடைத்த உலர்ந்த ஸ்லாப்பில் ஒன்றரை கிலோவுக்குப் பக்கமாக இழுத்தது. அதே ஸ்லாப்பில் மெல்லிய வகை பாரஃபினைத் துணியால் தொட்டுத் தேய்த்து, இன்னொரு துணியால் துடைத்து எடுத்து, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு படலம் மட்டும் விட்டோம். வழவழப்பான பந்து கால் கிலோவில் நகர்ந்தது. பௌலிங் பந்தின் பாதையைக் கணக்குப் போடுகிறவர்கள் எண்ணெயில் உராய்வுக் குணகம் 0.04, உலர்ந்த இடத்தில் 0.2 என்று வைத்துக்கொள்வது வழக்கம். 6.35 கிலோ பந்துக்கு அது கால் கிலோவும் ஒன்றேகால் கிலோவும். கல்லும் சிந்தெடிக் லேனும் ஒன்றல்ல, ஆமை வேகத்தில் இழுப்பதும் மணிக்கு 27 கிலோமீட்டரில் எறிவதும் ஒன்றல்ல. அதனால் எண்களை நான் நம்பவில்லை. எது அதிகம், எது குறைவு என்ற வரிசையைத்தான் நம்பினேன்.

தேய்க்கிற வேலையைப் பட்டறையில் செய்யவில்லை. அங்கே கல் தூசி எங்கும் இருக்கும். ஒரு துகள் தாளுக்கடியில் மாட்டினால் போதும், ஆழமான கோடு விழுந்துவிடும். வீட்டுக் கொல்லையில், துண்டைச் சும்மாடு போலச் சுருட்டி, அதன்மேல் பந்தை வைத்தேன். தாளைக் கையில் வெறுமனே பிடிக்கக் கூடாது, விரல் அழுந்திய இடம் மட்டும் குழிந்துவிடும். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் சுற்றிப் பிடித்தால் உருண்டைக்குத் தகுந்தபடி வளைந்து கொடுக்கும். தாள், பந்து இரண்டும் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். பந்தை ஆறு முகமாகப் பிரித்து, ஒவ்வொரு முகத்துக்கும் ஒரே அழுத்தம், ஒரே நேரம். ஒரு முகம் முடிந்ததும் அடுத்ததை அதற்குக் குறுக்காகத் தேய்த்தால் கோடுகள் ஒரே திசையில் படுக்காது. தடம் பதியும் பகுதியை மட்டும் தேய்த்துவிட்டு நிறுத்தக் கூடாது. முழுப் பந்தும் சீராக இருக்க வேண்டும் என்பது போட்டி விதியும்கூட. போட்டி தொடங்கிய பிறகு மேற்பரப்பைத் தாளால் தேய்க்கவோ பாலிஷ் போடவோ கூடாது.

500 தாள் முடிந்ததும் பந்து திராட்சைப் பழத்தின் மேல் படிந்த சாம்பல் போல மங்கிவிட்டது. நன்றாகக் கழுவி, பட்டறைக்கு எடுத்துப் போய் எண்ணெய் ஸ்லாப்பில் இழுத்தோம். அரைக் கிலோவை ஒட்டி வந்தது. அதே எண்ணெய், அதே கல், அதே பந்து. இழுவை ஏறக்குறைய இரட்டிப்பு. உலர்ந்த ஸ்லாப்பிலோ பெரிய வித்தியாசம் இல்லை. சொரசொரப்பின் வேலையெல்லாம் எண்ணெய் இருக்கிற இடத்தில்தான் என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

இங்கேதான் மாமாவோடு ஒரு நல்ல வாக்குவாதம். கிரானைட்டில் கையால் பாலிஷ் போடும் டைமண்ட் பேட் 50, 100, 200, 400, 800, 1500, 3000 என்று போகும், அப்புறம் பஃப். "ஒரு நம்பரைத் தாண்டினா முந்தின நம்பர் கீறல் பளபளப்புக்குக் கீழ நின்னுக்கும். வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தா தெரியும். பார்ட்டி ஸ்லாப்பைத் திருப்பி அனுப்பிடுவான்" என்பது அவர் வாதம். எனவே 500க்குப் பிறகு 1000, அதன் பிறகு 2000 என்று ஒழுங்காகப் போகச் சொன்னார். நான் நேராக 500லிருந்து 2000க்குத் தாவ நினைத்திருந்தேன். பௌலிங்கில் இது தெரிந்த உத்தி. மேலே 2000 நயம் வந்துவிடும், ஆனால் 500 கீறலின் பள்ளங்கள் அடியில் கொஞ்சம் தங்கும். முன்பகுதியில் பந்து தேவையில்லாமல் பிடிக்காது. நடு லேனில் எண்ணெய் மெலிகிற இடத்தில் பழைய கீறல் வேலைக்கு வரும். படிப்படியாகப் போன 2000ஐவிட இது கொஞ்சம் முன்பாகவே திரும்பத் தொடங்கும். கல்லில் திருப்பி அனுப்ப வைக்கிற குறையை இங்கே வேண்டுமென்றே வைத்துக்கொள்கிறோம். மாமா தலையை ஆட்டினார், சம்மதித்த ஆட்டமா இல்லையா என்று தெரியவில்லை.

500க்கு மேல் 2000 போட்ட பந்தோடு பெங்களூர் பஸ். ஆறு கிலோ உருண்டையை மடியில் வைத்துக்கொண்டு சூளகிரி தாண்டுவது தனி அனுபவம். கண்டக்டர் பையைத் தட்டிப் பார்த்துவிட்டு மாம்பழமா என்று கேட்டார்.

சென்டரில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: எண்ணெய் எப்போது போட்டீர்கள்? வார நாள் காலையில், மெஷின் ஓடி முடித்ததும் போனால் புது எண்ணெய். அன்று அப்படித்தான் கிடைத்தது. லேனில் 39 பலகைக் கோடுகள், ஐந்துக்கு ஒன்று அம்புக்குறி. எண்ணெய் பூசுகிற அமைப்பைப் பேட்டர்ன் என்பார்கள். சென்டர்களில் வழக்கமாகப் போடும் சாதாரண ஹவுஸ் பேட்டர்னில் நடுவில் எண்ணெய் கெட்டியாகவும் ஓரங்களில் மெலிசாகவும் இருக்கும். வலது கைக்காரன் கொஞ்சம் வெளியே விட்டால் உலர்ந்த ஓரம் பந்தை உள்ளே திருப்பித் தரும்; கொஞ்சம் உள்ளே விட்டால் நடு எண்ணெய் அதிகம் திரும்ப விடாது. பழகுகிறவர்களுக்குக் கருணை காட்டுகிற அமைப்பு. போட்டிப் பேட்டர்ன்களில் இந்தக் கருணை கிடையாது. நடுவுக்கும் ஓரத்துக்கும் எண்ணெய் வித்தியாசம் குறைவு, நீளமும் மாறும். தொழில்முறை ஆட்டக்காரர்களின் பிபிஏ போட்டிகளில் வரும் விலங்குப் பெயர்ப் பேட்டர்ன்களில் சீட்டா குட்டை, ஷார்க் நீளம். பந்து எந்தப் பலகையில் எண்ணெயைவிட்டு வெளியேற வேண்டும் என்பதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு: பேட்டர்ன் நீளத்திலிருந்து 31ஐக் கழித்துவிடுங்கள். 40 அடி என்றால், வலது கைக்காரருக்கு வலது ஓரத்திலிருந்து 9ஆம் பலகை. குட்டைப் பேட்டர்னில் லேனின் ஓரப் பள்ளத்தை ஒட்டியே போக வேண்டியிருக்கும், நீளத்தில் உள்ளே விளையாட வேண்டும்.

இரண்டாவது அம்புக்கு மேல் விட்டேன். பந்து சத்தமே இல்லாமல் வழுக்கிப் போய், எண்ணெய் முடிகிற இடத்தில் சிணுங்காமல் வளைந்து, முதல் பின்னுக்கும் மூன்றாம் பின்னுக்கும் நடுவே, பாக்கெட் என்கிற இடத்தில் நுழைந்தது. பந்து திரும்பி வந்ததும் துடைப்பதற்கு முன் உற்றுப் பார்த்தேன். எண்ணெய் மெல்லிய வளையங்களாக, விசிறி மடிப்புப் போல விரிந்து, இரண்டு இடங்களில் ஒன்றாகக் கூடியிருந்தன. கோர் பந்தின் அச்சை ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் நகர்த்துவதால், ஒவ்வொரு சுற்றும் எண்ணெய் படாத புதிய தோல் லேனைத் தொடுகிறது. அந்த வளையங்கள் அதன் பதிவு. சென்டரின் பிளாஸ்டிக் பந்தில் ஒரே கோடுதான் திரும்பத் திரும்ப நனைந்திருக்கும்.

சாயங்காலம் அதே லேனில் கதை வேறு. கூட்டம் ஆடி ஆடி முன்பகுதி எண்ணெய் குறைந்துவிட்டது. காலையில் விட்ட அதே இடத்தில் விட்டேன். பந்து பாதி லேனிலேயே பிடித்துக்கொண்டு, முதல் பின்னின் இடப்பக்கம் போய் விழுந்தது. கால் இரண்டு பலகை இடப்பக்கம், பார்வை ஒரு பலகை இடப்பக்கம் என்று நகர்ந்து நகர்ந்து பார்த்தேன். பாக்கெட்டுக்குள் வந்தது, ஆனால் அடி செத்திருந்தது. மூலையில் பத்தாம் பின் அசையாமல் நின்றுகொண்டே இருந்தது. மங்கலான பந்து உலர்ந்த லேனில் சீக்கிரமே முழு உருளலுக்கு வந்துவிடும். பின்களை அடையும்போது பக்கவாட்டு வேகம் தீர்ந்துபோய், மோதியதும் விலகி ஓடும். பாக்கெட்டுக்குள் 6 டிகிரிச் சாய்வில் நுழைவது சிறப்பு என்பார்கள். இந்த நிலையில் அதற்குப் பாதி வந்தாலே பெரிது. உதிரியாக நின்ற பின்னுக்குப் பிளாஸ்டிக் ஹவுஸ் பந்தையே எடுத்தேன். காலையிலும் மாலையிலும் அது ஏறக்குறைய ஒரே கோட்டில் போனது. ஸ்பேருக்கு, அதாவது மிச்சப் பின்னை இரண்டாவது எறிதலில் சாய்ப்பதற்கு, அதைவிட நம்பிக்கையான பந்து இல்லை.

அடுத்த தடவை போவதற்கு முன் 2000க்கு மேல் பாலிஷ் ஏற்றினேன். ஸ்லாப்பில் இழுவை பழையபடி கால் கிலோ பக்கம் வந்துவிட்டது. இந்தப் பந்து காலைப் புது எண்ணெயில் பரிதாபம்: வழுக்கிக்கொண்டே போய் வலப்பக்கப் பின்களை மட்டும் தட்டிவிட்டு வந்தது. அதே மாலை, தேய்ந்த லேனில், முன்பகுதியைச் சும்மா கடந்து, உலர்ந்த இடம் வந்ததும் கோணலாக வெட்டித் திரும்பியது. பத்தாம் பின் நிற்பது குறைந்தது. பழைய சொந்தக்காரர் சொன்ன அந்த 'சடார்' இதுதான் போல.

எண்ணெய் மாறினால் புதுப் பந்து வாங்கு என்பதுதான் கடையில் கிடைக்கும் ஆலோசனை. மாதம் ஓரிரு தடவை ஆடுகிறவருக்கு அது வீண் செலவு என்பது என் கருத்து. காலையில் ஆடப்போகிறேன் என்றால் முந்தின நாள் 500, 2000. வார இறுதிக் கூட்டத்தில் என்றால் பாலிஷ். அரை மணி நேர வேலை. ஆனால் தாள் போட்ட மங்கல் நிலைக்காது. லேனே பந்தை மெல்ல மெல்லப் பளபளப்பாக்கிவிடும், அதனால் 2000 என்று நினைத்துக்கொண்டிருப்பது சில ஆட்டங்களில் 2000ஆக இருக்காது. ஒவ்வொரு எறிதலுக்கும் பின் உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி, ஆட்டம் முடிந்த உடனே, பந்து ஆறுவதற்குள், ஆல்கஹால் துடைப்பு. வீடு வந்து துடைத்துக்கொள்ளலாம் என்று விட்டால் அத்திப்பள்ளி வருவதற்குள் எண்ணெய் உள்ளே இறங்கிவிடும்.

அலுவலகத்தில் ஒருவரிடம் யுரேத்தேன் என்கிற வேறு வகை மேல்தோல் போட்ட பந்து இருக்கிறது. அது எண்ணெயைக் குடிக்காது, முன்னே தள்ளிக்கொண்டு போய் உலர்ந்த பகுதியில் பூசிவிடும் என்கிறார்கள். ஸ்லாப்பின் பாதியில் மட்டும் பாரஃபின் பூசி, இரண்டு பந்தையும் ஒரே கோட்டில் இழுத்து, உலர்ந்த பாதியில் எவ்வளவு தூரம் தடம் விழுகிறது என்று அளக்க வேண்டும். மாமா அந்த ஸ்லாப்பை விற்றுவிடாமல் இருந்தால்.